சான்றுச் செவி

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் கோபுரங்களை வைத்து அளக்கக் கூடாது. அது தன் பாடல்களுக்கு என்ன விலை கொடுத்தது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

இந்த வாக்கியத்தை அர்த்தநாரி முதன்முதலாக மேடையில் சொன்னபோது எதிரே பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒன்பது பேர் பக்கத்து அலுவலகத்துக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்த வந்தவர்கள். இங்கே மின்விசிறி ஓடுகிறதே என்று உள்ளே வந்தவர்கள். 2046ஆம் வருடத்திலும் ரேஷன் கார்டில் பெயர் தப்பாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. மற்றபடி உலகம் முன்னேறியிருந்தது.

அந்த முன்னேற்றத்தின் கோவை மாவட்டக் கிளை, சிங்காநல்லூரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இயங்கியது. வெளியே 'இசையுடைமைப் பாதுகாப்புத் துறை' என்று பலகை. மழை பெய்தால் உள்ளே இன்னும் ரச வாசனை வரும். மாவட்ட அலுவலர் அர்த்தநாரியின் அறை வாசலுக்கு மேலே 'கை கழுவும் இடம்' என்று எழுதியிருந்ததை ஐந்து முறை வெள்ளையடித்தும் மறைக்க முடியவில்லை. அந்தக் காலத்துப் பெயிண்ட்.

துறையின் வேலை ஒன்றுதான். காசு கொடுக்காமல் கேட்ட பாட்டைக் கேட்டவர் தலையிலிருந்து திரும்ப எடுப்பது. முன்பெல்லாம் ஃபோனைச் சோதித்தார்கள், கணினியைச் சோதித்தார்கள். ஜனங்கள் கெட்டிக்காரர்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு அப்பாவியாக வந்து நிற்பார்கள். பாட்டு மட்டும் தலைக்குள் பத்திரமாக இருக்கும். பிறகு அந்த இயந்திரம் வந்தது. அரசாணையில் அதற்கு 'செவிநினைவு வாசிப்பான்' என்று பெயர். தலையை உள்ளே விட்டதும் மூடி இறங்கும். வேலை முடிந்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். ஊரில் அதைக் குக்கர் என்றார்கள்.

குக்கர் கண்டுபிடித்துச் சொன்ன சங்கதி விசித்திரமானது. நம் மண்டை பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. எந்தப் பிரதியில் கேட்டோமோ அந்தப் பிரதியையே வைத்துக்கொள்கிறது. கேட்டபோது ஒலிநாடா ஒரு நொடி இழுத்திருந்தால் அந்த இழுப்போடு. பக்கத்தில் யாராவது இருமியிருந்தால் இருமலோடு. முதல் இரண்டு நொடியைப் போட்டுக் காட்டினால் போதும், மிச்சத்தை மண்டை தானே பாடிக் கொடுத்துவிடும். குக்கர் அதை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டிவிடும்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. எது திருட்டுப் பிரதி என்று சொல்ல, எது அசல் என்று தெரிய வேண்டும். அசல்களோ பாட்டுக் கம்பெனிகளிடமே இல்லை. கம்பெனிகள் நான்கைந்து முறை கைமாறியிருந்தன. கைமாறும்போதெல்லாம் உரிமைப் பத்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தது, பாட்டு வந்து சேரவில்லை. ஆகவே, எடை போடும் துறையில் ஒரு அசல் எடைக்கல் வைத்திருப்பதுபோல, மாவட்டத்துக்கு ஒரு அசல் ஆளை வைத்தார்கள். அந்தக் காலத்திலேயே ஒவ்வொரு பாட்டையும் காசு கொடுத்து வாங்கிக் கேட்டவர். அவர் தலையில் உள்ளதே அசல். பதவியின் பெயர் சான்றுச் செவி.

கோவை மாவட்டத்துக்கு அர்த்தநாரி. ஏழு வருடமாகச் சட்டைப் பையில் தங்க நிறத்தில் காது வடிவச் சின்னம் ஒன்றைக் குத்தியிருந்தார். வயது ஐம்பத்தேழு. டீக்கடையில் பாட்டு ஓடினால் டீயை வெளியே எடுத்துவந்து குடிப்பார். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழு தொடங்கியதும் பந்திக்கு எழுந்துவிடுவார். இதனால் அவருக்கு எப்போதும் முதல் பந்தி கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரோஸ்லின் பிடிபட்டு வந்தவர் இல்லை. தானே வந்தார்.

அறுபது வயது. ஒண்டிப்புதூரில் இட்லி மாவுக் கடை. 2008இல், சென்னையில் மகளிர் விடுதியில் தங்கிக் கோரஸ் பாடிக்கொண்டிருந்த நாளில், ஒரு படத்துக்கு 'தண்டவாளத் தூறலே' என்று தொடங்கும் பாட்டின் நடுவே இருபத்திரண்டு நொடி ஹம்மிங் பாடினார். பாட்டு பெரிய வெற்றி. பாட்டின் பெயரைக்கூடப் பலர் மறந்துவிட்டார்கள். அந்த ஹம்மிங்கை மறக்கவில்லை. அதைப் பாடியது யார் என்று எங்கும் போடவில்லை. பாட்டு இப்போது ககனா இசை உரிமைகள் என்ற கம்பெனியிடம் இருக்கிறது. பாடியவர், வாசித்தவர் யாராக இருந்தாலும் உரிய சான்றோடு வந்தால் பாட்டில் பெயர் சேர்க்கப்படும் என்று அது ஒரு அறிவிப்பு விட்டிருந்தது.

"சான்று என்ன வெச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டாள் பெனாசிர். குக்கரை இயக்குபவள், இருபத்தாறு வயது, அலுவலகத்தில் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரே ஆள்.

"எந் தலைக்குள்ள இருக்குதுங் கண்ணு. அதான் நீங்க எடுத்துப் பாப்பீங்களாமா."

பெனாசிர் மூடியை இறக்கினாள். இரண்டு நொடி ஆரம்ப இசை. பிறகு ரோஸ்லினின் மண்டை பாட ஆரம்பித்தது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய மலிவான ஃபோனின் கரகரப்போடு பல்லவி வந்தது, சரணம் வந்தது, ஹம்மிங் வந்தது. இளம் குரல். கூடத்தில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஹம்மிங் மேலே ஏறி நிற்கும் இடத்தில், அதன் தலைமேல் ஏறி, வேறொரு பெண் உற்சாகமாகக் கூவினாள்: "சுடச்சுட டாட் நெட்!"

அதன் அடியில், மங்கலாக, இன்னொரு ஞாபகம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஆண் குரல்: "ஏம்மா, மூச்சு சத்தம் கேக்குது. மைக்க விட்டு ஒரு சாண் தள்ளி நில்லு." ஒரு பெண் குரல்: "சரிங்க சார்."

குக்கர் உஸ்ஸென்றது.

"நாந்தான்," என்றார் ரோஸ்லின், தலையை வெளியே எடுத்து. "கேட்டியா கண்ணு, சரிங்க சார்னு சொன்னது நாந்தான். அதென்ன, நடுவால ஒரு புள்ள கூவுது?"

"அது வெப்சைட்டும்மா. அந்தக் காலத்துல ஓசியில பாட்டு எறக்கற சைட்டு. வேற சைட்டுக்காரன் அவங்க ஃபைலத் தூக்கிரக் கூடாதுன்னு நடுவுல பேரச் சொல்லி வெச்சிருப்பாங்க."

"திருடங்ககிட்டயே திருடிருவாங்கன்னா?"

"ஆமாங்கம்மா."

ரோஸ்லின் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். "அவிய பேர மட்டும் மறக்காம போட்டுக்கிட்டாங்க பாரு," என்றார்.

திருட்டுப் பிரதி என்று குக்கரின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டதால், விதிப்படி, கோப்பு 'கை கழுவும் இடம்' வழியாக உள்ளே போனது. சற்று நேரத்தில் ரோஸ்லினும், வாக்குமூலம் தட்டச்சு செய்யப் பெனாசிரும் போனார்கள்.

"உட்காருங்கம்மா," என்றார் அர்த்தநாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். மோசமான செய்தி சொல்லும்போது அவர் அப்படித்தான் செய்வார். சொல்வதற்கு முன்பே சோகம் வந்துவிடும். "நீங்க உரிமை கேட்டு வந்திருக்கீங்க. ஆனா உங்ககிட்ட இருக்கறது திருட்டுப் பொருள்."

"நான் பாடுனதுங்க சார்."

"பாடுனது நீங்களா இருக்கலாம். கேட்டது?"

"கேட்டதும் நாந்தானுங்க."

"எதுல கேட்டீங்கன்னு கேக்கறேன். சிடி வாங்குனீங்களா?"

"பாடுனதுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாயும் ஒரு சாம்பார் சாதமும் குடுத்தாங்க. சிடி குடுக்கலீங். கடையில வாங்கலாம்னா, கடைக்கு வர்றதுக்கு முன்னாலயே எல்லார் போன்லயும் பாட்டு வந்துருச்சு. ஹாஸ்டல் புள்ள ஒருத்தி புளூடூத்துல அனுப்புனா. நான் ஒரு நாப்பது பேருக்கு அனுப்புனனுங்க."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெனாசிரின் விரல் நின்றது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறீர்கள் என்பதுபோல ரோஸ்லினைப் பார்த்தாள்.

"நாப்பது!" என்றார் அர்த்தநாரி. "கேட்டது ஒரு குத்தம்மா. பரப்புனது தனிக் குத்தம்."

"பரப்புனனுங்க. இல்லீங்கல. அந்த ஹம்மிங்கு நாந்தான்னு வேற எப்படிச் சொல்றதுங்க? போஸ்டர் ஒட்டுறதா? அனுப்பிச்சு உட்டுட்டு, ரெண்டு நிமிசம் பத்து செகண்டுல வர்றது நானுன்னு மெசேஜ் போட்டனுங்க."

"அதனால யாருக்கு நஷ்டம்னு யோசிச்சீங்களா?"

"யோசிக்காம என்னுங்க? எனக்குத்தான். சிடி விக்கலீன்னு அடுத்த வருசமே கோரஸு வேண்டாம்னுட்டாங்க. கீபோர்டு பொட்டியத் தட்டுனா பத்துப் பொண்ணுக கொரலு வருது, உங்களுக்கு எதுக்குச் சாம்பார் சாதம்னுட்டாங்க. ஊரு பூரா அனுப்புனதோட சேத்தி நான் அனுப்புன நாப்பதுந்தான் எஞ் சோத்துல மண்ணப் போட்டுது. அது எனக்குத் தெரியாதுங்களா? அதுக்காக நான் பாடலீன்னு ஆயிருமுங்களா சார்?"

இதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. ஆகவே அர்த்தநாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு நாகரிகத்தின் உயரத்தை எதை வைத்து அளக்க வேண்டும் என்று சொன்னார். ரோஸ்லின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மாவுக் கடையில் பலதும் கேட்டுப் பழகியவர்.

"விதி பதினாலு," என்று முடித்தார் அர்த்தநாரி. "மூணு நாளைக்குள்ள பாட்டை ஒப்படைக்கணும். வலிக்காது. பெனாசிர், அம்மாவுக்கு விளக்கிச் சொல்லு."

பெனாசிர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பாட்ட மட்டும் தனியா எடுக்க முடியாதும்மா. பலாச்சொளைய எடுத்தா சுத்தியிருக்கற நாரும் கூட வருமில்ல, அந்த மாதிரி. அந்த ரெக்கார்டிங் ரூமு, மூச்சு சத்தம்னு அந்த சார் சொன்னது, எல்லாம் இந்தக் காப்பியோடதான் ஒட்டியிருக்கு."

"அப்ப நான் பாடுனதே எனக்கு மறந்து போயிருமா?"

"மறந்துட்டோம்ங்கறதும் தெரியாதும்மா."

"அதனால வருத்தமும் இருக்காது," என்றார் அர்த்தநாரி ஆறுதலாக.

ரோஸ்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழவில்லை, வியர்த்திருந்தது. கூடத்தில் மின்விசிறி உண்டு, அலுவலர் அறையில் ஏசிதான், அது ஓடாது. "எம் பேரச் சேத்துவாங்கன்னு வந்தனுங்க. இருந்த சாட்சியையும் புடுங்கிப் போட்டுப் போகச் சொல்றீங்க. கம்பெனிக்காரன் யாரு பாடுனான்னு கேட்டா, நானே தெரியாதுன்னுதான் சொல்லுவனாட்ட இருக்குது."

ரோஸ்லின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க சார். அந்தப் புள்ள கூவாம, கரகரன்னு இல்லாம, அசல்ல எங்கொரலு எப்படி இருந்துச்சுன்னு நாங் கேட்டதே இல்லீங். அது உங்க தலையிலதான் இருக்குதுன்னு வெளிய சொன்னாங்க. எடுத்துப்போடறதுக்கு முன்னால ஒருக்காப் போட்டுக் காட்டுவீங்களா?"

அர்த்தநாரிக்கு நெகிழ்ந்துவிட்டது. ஏழு வருடத்தில் அவருடைய காதை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வழக்கமாக அவர் எழுதிக் கொடுத்த குறிப்போடு ஒப்பிட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். "தாராளமா," என்று எழுந்தார். "எல்லாரையும் கூப்பிடு பெனாசிர். ரேஷன் ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களையும் வரச் சொல்லு. அசல்னா என்னன்னு நாலு பேர் கேக்கட்டும்."

கூடம் நிறைந்தது. அர்த்தநாரி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில், தங்கக் காதுக்குப் பின்னால், வைத்தார். மூடி இறங்கியது.

இரண்டு நொடி ஆரம்ப இசை. பல்லவி வந்தது. ரோஸ்லினின் ஃபோனில் வந்ததைவிட நன்றாகவே இருந்தது. கூட்டத்தில் ஒருவர் தலையாட்டினார். சரணம் முடிந்து ஹம்மிங் தொடங்கியதும் ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டார். குரல் ஏறியது, ஏறியது, மேலே போய் நின்றது.

"சுடச்சுட டாட் நெட்!" என்றாள் அந்தப் பெண்.

ரோஸ்லின் கண்ணைத் திறந்தார்.

இயந்திரம் கருணையில்லாமல் மேலும் ஓடியது. ஒட்டியிருந்த ஞாபகம் வந்தது. விடுதி அறை, மேஜை விசிறி கடகடக்கும் சத்தம். "டேய் அர்த்து, சிடிதான் வாங்கிட்டியே, போட்டுக் கேக்க வேண்டியதுதானடா?" என்றான் ஒருவன். பதில் சொன்ன குரலை எல்லாரும் உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள், இளசாக இருந்தாலும் அதே செருமல்: "பிரிச்சா கோடு வுழுந்துரும்டா. அது அப்படியே இருக்கட்டும். நீ இதுல டவுன்லோடு போடு."

உஸ்ஸ்.

"மிஷின்ல கோளாறு," என்றார் அர்த்தநாரி உள்ளேயிருந்து. "இன்னொருக்கா போடு."

இன்னொரு முறை போட்டார்கள். வேறு பாட்டு போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவதாக ஒன்று. எல்லாவற்றிலும் அந்த விடுதி விசிறி கடகடத்தது.

நடந்தது இதுதான். அர்த்தநாரி நூற்றுப் பன்னிரண்டு சிடி வாங்கியது உண்மை. ஒவ்வொன்றுக்கும் ரசீது இருந்தது உண்மை. சான்றுச் செவி தேர்வுக் குழு வந்தபோது அந்த ரசீதுகளை மூன்று நாள் சரிபார்த்தது. செவியை யாரும் சரிபார்க்கவில்லை. அதற்குப் படிவத்தில் இடம் விடவில்லை. காசு கொடுத்து வாங்கியதை அவர் கேட்கவில்லை. கேட்டதற்குக் காசு கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே பாட்டுதான் என்பதால் அவர் மனசாட்சிக்கும் இத்தனை வருடமாக வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் அவர் 'தண்டவாளத் தூறலே' சிடியைக் கொண்டுவந்து அலுவலகத்தில் பிளாஸ்டிக்கைப் பிரித்தார். வெயில் படும் அலமாரியில் முப்பத்தெட்டு வருடம் இருந்த தட்டின் பளபளப்பு காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. உள்ளே சிறு புத்தகத்தில் ஹம்மிங் பாடியவரைத் தவிர எல்லார் பெயரும் இருந்தது. கதாநாயகனுக்கு முடி திருத்தியவர் பெயர்கூட இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் பெனாசிர், வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்த பிறகு.

"கேளு."

"போன வருசம் போஸ்டாபீஸ் தண்டபாணி ஐயா வந்தாரில்ல. கடையில கேசட் வாங்கித்தான் கேட்டேன்னு சத்தியம் பண்ணாரு. அவரு பாட்டு உங்க குறிப்புல இருந்ததவிட அரை செகண்டு முன்னாடி ஆரம்பிச்சுது. உங்களோடது அசல், அவர்து பொய்னு பாட்ட எடுத்துட்டோம்."

அர்த்தநாரி ஜன்னலைப் பார்த்தார்.

"ஓசி சைட்டு ஃபைல்தான் சார் ஆரம்பத்துல அரை செகண்டு வெட்டுப்படும். அவர்துதான் அசல். அவரோட பொண்ணு சடங்குல அந்தப் பாட்டு போட்டிருக்காங்க. அந்த நாளும் அதோட வந்துருச்சு. இப்ப ஆல்பத்தப் பாத்துட்டு, அன்னிக்கு நான் எங்க போயிருந்தேன்னு கேக்கறாராம்."

"அது முடிஞ்சு போன கோப்பும்மா."

"ஆமாங்க சார். முடிஞ்சு போச்சு." அவள் இன்னொரு தாளை மேஜை மேல் வைத்தாள். "இது முடியாத கோப்பு. விதி பதினாலு உங்களுக்கும் வரும். மூணு நாள். என்னென்ன ஒட்டியிருக்குன்னு மிஷின் பட்டியல் குடுத்திருக்கு."

அர்த்தநாரி படித்தார். விடுதியில் இரண்டு செமஸ்டர். ஒரு மேஜை விசிறி. பிறகு, தாரணி.

தாரணி அவர் மனைவி. அந்தக் காலத்தில் ஃபோன் செய்தால் எடுக்கும்வரை ஒரு பாட்டு கேட்கும். தாரணி வைத்திருந்தது இந்தப் பாட்டைத்தான்.

"அவ மாசா மாசம் காசு கட்டித்தான் வெச்சிருந்தா," என்றார் அர்த்தநாரி அவசரமாக. "அது முறைப்படி வாங்குன பாட்டு. அதுல இருந்து வந்த ஞாபகம்னு எழுதிரலாமே?"

"அது முப்பது செகண்டுதான் சார் வரும். ஹம்மிங் வராது."

அவர் தாளை மடித்தார். விரித்தார். "எடுத்தா... அவள யாருன்னே தெரியாம போயிருமா?"

"சேச்சே. மேடம் யாருன்னு நல்லாத் தெரியும் சார். ஏன் கட்டிக்கிட்டீங்கன்னுதான் தெரியாது."

அர்த்தநாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு ஃபோன் செய்தார். "ஏன் தாரணி, நாம எப்படிப் பேச ஆரம்பிச்சோம்?"

"என்ன கேள்வி இது? பாட்டுக் கேக்கறதுக்குன்னே கூப்பிடுவீங்க. நான் எடுத்ததும் கட் பண்ணுவீங்க. ஒரு நாள் நான் வேணும்னே எடுக்காம உட்டேன். முழுசாக் கேட்டுட்டு மறுபடியும் கூப்பிட்டீங்க." அவள் சற்று நிறுத்தினாள். "இதக் கேக்கவா ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டீங்க? ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

"இல்ல, சும்மாதான்."

"வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க."

அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார். ஏழு வருடமாகக் கவனிக்காத பல விஷயங்கள் வரிசையாக அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. மனித மாண்பு தெரிந்தது. செவியின் புனிதம் தெரிந்தது. ஒரு முறை செவிக்குள் போன பாடல் பிரதி ஆகாது. அது கேட்டவரின் உயிரோடு கலந்த ஒன்று. அதைப் பிடுங்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. நினைவு பிரதி அல்ல, பிரதி அல்லாத ஒன்று திருட்டுப் பொருளாகவும் முடியாது. எழுத எழுத அவருக்கே கண் கலங்கியது. ஆறு பக்கம் வந்தது. விதி பதினான்கு கோவை மாவட்டத்தில் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மேலிடம் அவரை வேலையை விட்டுத் தூக்கும் என்றுதான் பெனாசிர் நினைத்தாள். ஆனால் பெரிய அலுவலர் மற்ற மாவட்டங்களின் சான்றுச் செவிகளையும் ஒருமுறை குக்கரில் உட்காரவைத்துப் பார்த்துவிடலாமே என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே வாரத்தில் எல்லா மாவட்டங்களிலிருந்தும், அர்த்தநாரியின் ஆணை மனித நேயத்தின் உச்சம் என்றும், அதை மாநிலம் முழுவதற்கும் விரிக்க வேண்டும் என்றும், குக்கர் இனித் தேவையில்லை என்றும் பதில் வந்தது. ஒருவர்கூட விடுபடவில்லை.

ஆணை புகழ்பெற்றது. 'செவி விடுதலை ஆணை' என்று செய்திகள் பெயர் வைத்தன. அர்த்தநாரிக்கு மூன்று பொன்னாடைகள் வந்தன. தண்டபாணி ஐயாவின் நாள் வரவில்லை; எடுத்ததைத் திரும்ப வைக்கும் இயந்திரத்தை இன்னும் யாரும் செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பொன்னாடை போட்டிருந்த அதே தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு, அர்த்தநாரி ஒண்டிப்புதூர் மாவுக் கடைக்கு வந்தார். மூன்று கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாவு வாங்கத் தூக்குப்போசிகளோடு நாலைந்து பேர் நின்றார்கள்.

"வாங்க சார்!" என்றார் ரோஸ்லின் சத்தம் மீறி. "அந்த அரிசி மூட்டை மேல உக்காருங். சித்தெ இருங்க, இந்த ஈடு வழிச்சுட்டு வந்தர்றன்."

அவர் உட்கார்ந்தார். கூட்டம் கலைந்ததும் வந்த விஷயத்தைச் சொன்னார். அவர் ஆணையை ஊரெல்லாம் பரப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் கையெழுத்தை வெட்டிவிட்டுப் பரப்புகிறார்கள். சூரியன் உதிக்கும் படத்தைப் பின்னால் போட்டு 'காலை வணக்கம்' என்று அனுப்புகிறார்கள். பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி முதல்வர் முழு ஆணையையும் தன் சொந்தப் பேச்சாக மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்.

"ராத்திரி தூக்கம் வர்றதில்லம்மா. என் எழுத்து. ஒவ்வொரு வார்த்தையும் நான் பெத்தது. என் பேரே இல்லாம போகுது."

"எத்தன பேருக்குப் போயிருக்குமுங்க?"

"லட்சக்கணக்குல."

"நல்லாப் போயிருக்குது," என்றார் ரோஸ்லின், பாராட்டாகவே.

"நான் அந்த முதல்வர் மேல ஒரு புகார் குடுக்கப் போறேன். அந்த ஆணை நான் எழுதுனதுதான்னு நீங்க ஒரு வார்த்தை சாட்சி சொல்லணும். ஆரம்பத்துல இருந்து கூட இருந்தவங்க நீங்க."

"சொல்றனுங்க. அதுக்கென்ன?" ரோஸ்லின் உளுந்தை அள்ளிக் கிரைண்டரில் போட்டார். "எனக்கும் ஒரு கடுதாசி வந்துதுங்க சார், கம்பெனியில இருந்து. புள்ளைய உட்டுப் படிக்கச் சொன்னன். நினைவு பிரதி அல்லன்னு ஆணையே சொல்லிருச்சாமா. அதனால என்ற ஞாபகத்தச் சாட்சியா எடுத்துக்க முடியாதாமா. பேரு சேத்த முடியலீன்னு எழுதியிருக்காங்க."

அர்த்தநாரி அந்த வாக்கியத்தை நினைவுபடுத்திக்கொண்டார். நான்காம் பக்கம். அவருக்கு மிகவும் பிடித்த வாக்கியம்.

"நான் அந்த அர்த்தத்துல எழுதலம்மா."

"தெரியுமுங். போகுது உடுங்க. பாட்டு தலையில இருக்குதல்லங்க, அதுவே போதும். கிரைண்டரு ஓடறப்பக்கூடக் கேக்குது, அந்தப் புள்ள கூவறதோட சேத்தி." அவர் ஈரக்கையால் கல்லைத் தள்ளினார். "நேத்து எனக்கும் உங்க ஆணை வந்துதுங்க, சூரியன் படத்தோட. கண்ணாடி இல்லாம படிக்க வரல. இத்தன லட்சம் பேரு படிக்கறாங்கங்கறீங்க. அதுல எம் பேரு எந்தப் பக்கத்துலீங்க வருது? கையெல்லாம் மாவு, நீங்களே பாத்துச் சொல்லுங். புள்ளைகளுக்கு அனுப்பணும்."

அர்த்தநாரி துணிப்பையிலிருந்து ஆணையை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாம் பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

'மனுதாரர்' என்று பதினொரு இடத்தில் இருந்தது. ரோஸ்லின் என்று ஓரிடத்திலும் இல்லை.